மரத்தவளைக்கு ஒரு கண்ணாடி வீடு: ‘தொடக்கத் தொகுப்பு’ வாங்கலாமா?

கனடாவின் டொரொண்டோ மாநகரில், ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், கடந்த பதினான்கு மாதங்களாக ஒரு கண்ணாடிப் பெட்டி நிற்கிறது. அகலமும் ஆழமும் 45 சென்டிமீட்டர், உயரம் 60 சென்டிமீட்டர். அதற்குள் இரண்டு மரத்தவளைகள் இருக்கின்றன. நாய் வேண்டும் என்று தொடங்கிய மகனின் கோரிக்கை, மனைவிக்கு விலங்கு முடி ஒவ்வாது என்பதால் பூனையிலும் முயலிலும் நிற்காமல் இறங்கி, முடியே இல்லாத ஓர் உயிரில் வந்து முடிந்தது. செல்லப்பிராணிக் கடையில், அட்டைப்பெட்டியின் மேல் பச்சைத் தவளையின் படம் போட்டு, ‘தொடங்குவோருக்குத் தேவையான எல்லாம் இதில் உண்டு’ என்ற பொருளில் எழுதப்பட்டிருந்த தொகுப்பு ஒன்றை 329 டாலருக்கு வாங்கினேன். அதைப் பற்றியதே இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன், ஏனெனில் இதே உள்ளடக்கத்துடன் வேறு பெயர்களிலும் பெட்டிகள் விற்கப்படுகின்றன, குறையும் ஏறக்குறைய ஒன்றே.

தொகுப்பைப் பற்றிச் சொல்லுமுன், அதில் எந்தத் தவளை வாழப்போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடையில் எங்களுக்கு நேர்ந்த முதல் தவறு, பெட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு தவளையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணியது. மரத்தில் ஏறும் தவளைக்கு உயரமான பெட்டி வேண்டும், மண்ணில் புதைந்து உட்காரும் தவளைக்கு அகலமான பெட்டி வேண்டும், நீரைவிட்டு வெளியே வராத தவளைக்கு மீன் தொட்டியே வேண்டும். ‘தவளைத் தொகுப்பு’ என்று பொதுப்பெயரில் ஒன்றை விற்பது, யானைக்கும் ஆட்டுக்கும் சேர்த்து ‘விலங்குக் கொட்டகை’ விற்பது போலத்தான்.

தொடங்குவோருக்கு உகந்தவை என்று இங்குள்ள கடைகள் பொதுவாகக் காட்டுபவை நான்கு. முதலாவது, ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் நீளமே வளரும் இது முழுக்க நீர்வாழி. மூச்சு வாங்குவதற்கு மட்டும் மேற்பரப்புக்கு வந்து போகும். விலை குறைவு, ஓசை இல்லை, மீன் வளர்த்த அனுபவம் உள்ளவருக்கு எளிது. ஆயினும் மேசைமேல் வைக்கும் சின்னஞ்சிறு சதுரப் பெட்டியில், வெப்பமூட்டியோ வடிகட்டியோ இல்லாமல் இதை விற்கும் வழக்கம் கொடுமையானது. அதைவிட முக்கியமாக, இதன் தோற்றத்திலேயே இருக்கும் ஆப்பிரிக்க நகத்தவளையின் குஞ்சு சில வேளைகளில் இதனுடன் கலந்துவிடுகிறது. அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, தொட்டியில் உள்ள மற்றவற்றை விழுங்கிவிடும். முன்னங்கால்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்: குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு உண்டு, நகத்தவளைக்கு முன்னங்காலில் சவ்வு இல்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. 2008 முதல் 2011 வரை அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவிய சால்மொனெல்லா தொற்று இந்தக் குள்ளத் தவளைகளிடமிருந்தே வந்ததாகக் கண்டறியப்பட்டது, நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். எந்தத் தவளையும் இந்தக் கிருமியைச் சுமக்கலாம். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதும், கை கழுவாமல் உணவைத் தொடுவதுமே அதற்கு வழி திறந்துவிடுகின்றன.

இரண்டாவது, கடைகளில் ‘பேக்மேன் தவளை’ என்று அழைக்கப்படும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளை. 1980-இல் வந்த கணினி விளையாட்டின் வாய்பிளந்த மஞ்சள் உருண்டையை நினைவூட்டுவதால் அந்தப் பெயர். உடலில் பாதி வாய்தான். பராமரிப்பு மிக எளிது: 40 லிட்டர் தொட்டி, ஈரமான மண், ஒரு நீர்க்கிண்ணம், வாரத்துக்கு ஓரிரு வேளை உணவு. ஆனால் அது நாள் முழுவதும் மண்ணுக்குள் கண்ணை மட்டும் வெளியே வைத்து அசையாமல் இருக்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும், விரலை நீட்டினால் கவ்வும். என் மகன் கடையில் அதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “அப்பா, இது உயிரோடதான் இருக்கா?” என்று கேட்டான். கடைக்காரர் கேள்வியின் பொருளை ஊகித்துச் சிரித்தார். பெரியவர் ஒருவர் தம் அலுவல் அறைக்கு வாங்குவதென்றால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, தீவயிற்றுத் தேரை. கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் கீழைக்கரைப் பகுதிகளைச் சேர்ந்தது. நான்கைந்து சென்டிமீட்டர் அளவே இருந்தாலும் பகலில் சுறுசுறுப்பாகத் திரியும், அறை வெப்பமே போதும் என்பதால் தனி வெப்ப விளக்குத் தேவையில்லை. அச்சுறுத்தப்பட்டால் முதுகை வளைத்து, அடிவயிற்றின் சிவப்பையும் கறுப்பையும் காட்டும். மற்றத் தவளைகளைப்போல நாக்கை நீட்டி இரையைப் பிடிக்க இதனால் முடியாது, எனவே பாய்ந்து வாயால் கவ்வும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். தோலில் சுரக்கும் நஞ்சு உயிருக்கு ஆபத்தானது அல்ல, ஆனால் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கடுமையாக எரியும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை கண்ணைத் தேய்க்காது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் இதை விட்டோம். இல்லையென்றால் பணத்தாலும் உழைப்பாலும் மிக மலிவான தேர்வு இதுதான்.

நாங்கள் முடிவாக எடுத்தது நான்காவதான ‘வைட்ஸ் மரத்தவளை’யை. வைட் என்பது நிறம் அல்ல, ஆளின் பெயர். நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் தலைமை மருத்துவராக இருந்த ஜான் வைட் 1790-இல் இதை விவரித்தார். பாடம் செய்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட தவளை, திரவத்தில் ஊறித் தோலின் மஞ்சள் நிறமியை இழந்து நீலமாகத் தெரிந்ததால், நீலத்தைக் குறிக்கும் லத்தீன் பெயர் இந்தப் பச்சைத் தவளைக்கு இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக் கழிப்பறைகளிலும் மழைநீர்க் குழாய்களிலும் சாதாரணமாகக் காணப்படும் தவளை இது. மனிதர் அருகில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் குணமும் அதனால்தானோ என்னவோ, வேறு எந்த மரத்தவளையையும்விட இதற்கு மிகுதி. பத்து சென்டிமீட்டர் வரை வளரும், நன்றாக வைத்திருந்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இந்த ஆண்டுக்கணக்கைக் கடைக்காரர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. இன்று ஒன்பது வயதான மகன் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தவளைகள் என்னுடன் இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பணப்பையைத் திறந்தேன்.

அழகுக்காகப் பலரும் கேட்கும் செங்கண் மரத்தவளையையும், நச்சம்புத் தவளைகளையும் முதல் முறை வளர்ப்பவர் தவிர்ப்பது நல்லது. நச்சம்புத் தவளை வீட்டில் பிறந்து வளர்ந்ததானால் அதில் நஞ்சு இராது, ஏனெனில் காட்டில் அது தின்னும் எறும்பும் உண்ணியுமே அந்த நஞ்சின் மூலம். ஆனால் நாள்தோறும் பழ ஈக்களை வளர்த்துப் போடும் வேலை தவளை வளர்ப்பைவிடப் பெரியது.

இனி தொகுப்புக்கு வருவோம். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை இவை: கண்ணாடித் தொட்டி, அதன் கம்பிவலை மூடி, பின்சுவராக வைக்கும் நுரைப் பலகை, அழுத்திக் காயவைத்த தென்னைநார்க் கட்டி ஒன்று, நெகிழிக் கொடிகள், நீர்க்கிண்ணமும் அதில் இடுவதற்கு ஒரு பஞ்சும், அடியில் ஒட்டும் வெப்பத் திண்டு, சிவப்பு நிற இரவு விளக்கு, முள் நகரும் வட்ட ஈரப்பதமானி, ஒரு தெளிப்பான், எட்டுப் பக்கக் கையேடு.

தொட்டியைக் குறை சொல்ல இடமில்லை. முன்புறம் இரட்டைக் கதவாகத் திறப்பது நாம் முதலில் நினைப்பதைவிடப் பயனுள்ள ஏற்பாடு. மேலிருந்து கை நுழைந்தால் தவளைக்கு அது பருந்தின் வருகை போலத் தோன்றும், எதிரிலிருந்து வரும் கையை அது சில வாரங்களில் பழகிக்கொள்கிறது. கதவுக்குக் கீழே உள்ள காற்றுத் துளைப்பட்டை, மேலே உள்ள கம்பிவலையோடு சேர்ந்து காற்றோட்டத்தை உண்டாக்குவதால் முன்கண்ணாடியில் நீராவி படிவது குறைவு. கதவுப் பூட்டு உறுதியானது. ஒரே குறை, பின்புறத்தில் மின்கம்பி நுழைவதற்கென்று விட்டிருக்கும் துளையின் மூடி தளர்வானது. தவளைகளை உள்ளே விட்ட முதல் வாரத்திலேயே, இரையாக இட்ட சுவர்க்கோழிகளில் ஏழெட்டு அந்த வழியாகத் தப்பித்து, அவற்றில் ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்து பத்து நாள் இரவெல்லாம் கச்சேரி நடத்தியது. துளையில் சிறிது நுரைப்பஞ்சை அடைத்தபின் தொல்லை இல்லை.

தென்னைநார்க் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உறையின் பின்புறத்தில் ‘இலங்கைத் தயாரிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலும் இலங்கையிலும் தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் துகள் செங்கல்போல அழுத்தப்பட்டு, கடல் கடந்து வந்து, ஆஸ்திரேலியத் தவளைக்குக் கனடாவில் தரையாகிறது. நீர் ஊற்றினால் பல மடங்கு பொங்கி, ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் பொருள் இது, இந்த வேலைக்கு இதைவிட மலிவாக எதுவும் இல்லை. இந்தத் தொட்டிக்கு ஒரு கட்டி போதவில்லை. ஐந்து சென்டிமீட்டராவது பரப்ப இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. இரையோடு சேர்த்துத் தவளை இதை வாயில் அள்ளி விழுங்கினால் குடல் அடைபடலாம். எனவே உணவை இடுக்கியால் நீட்டுவதோ, வழவழப்பான கிண்ணத்தில் விடுவதோ பாதுகாப்பு.

தொகுப்பின் மிகப்பெரிய பிழை வெப்பத் திண்டு. ஊர்வனவற்றுக்குச் செய்த ஒன்றை அப்படியே தவளைப் பெட்டிக்குள்ளும் போட்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. அடியில் ஒட்டினால் அது மண்ணைச் சூடாக்கும், ஆனால் மரத்தவளை வாழ்வது மேல் பாதியில். நான் கையேட்டில் சொன்னபடி ஒட்டி, ஒரு நாள் ஓடவிட்டு அளந்தபோது அடிக்கண்ணாடி 38 பாகை செல்சியசைத் தாண்டியிருந்தது, தவளை உட்காரும் கிளையிலோ 21 பாகைக்கு மேல் ஏறவில்லை. வெப்பக் கட்டுப்படுத்தியும் தொகுப்பில் இல்லை, அது இல்லாத எந்த வெப்பக் கருவியும் ஆபத்து. வைட்ஸ் மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 28 பாகை வேண்டும். மேலே ஒரு மூலை சற்றுச் சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருந்தால், அது தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். இரவில் 20 பாகைக்குச் சற்று மேல் போதும். ஆகவே திண்டைக் கழற்றிவிட்டு, கம்பிவலை மூடியின் மேல் ஒளி தராத பீங்கான் வெப்ப விளக்கு ஒன்றை வைத்து, அதைக் கட்டுப்படுத்தியோடு இணைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து 105 டாலர் ஆனது.

சிவப்பு விளக்கும் அப்படியே பெட்டியில் கிடக்கிறது. இரவில் தவளைக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்ற பழைய நம்பிக்கையின் எச்சம் அது. இரவாடிக்கு இரவு இருட்டாகவே இருக்க வேண்டும். பகலுக்கு மட்டும், குறைந்த அளவு புற ஊதாக்கதிர் தரும் குழல் விளக்கைத் தனியே வாங்கினேன். இரவில் திரியும் தவளைக்கு அது வேண்டாம் என்று முன்பு சொல்லிவந்தார்கள், இப்போது எலும்பு வலிமைக்காக மெல்லிய அளவில் வைக்கச் சொல்கிறார்கள். இலைநிழல் தாராளமாக இருந்தால் தவளை வேண்டும்போது வெளிச்சத்துக்கு வந்து, வேண்டாதபோது ஒதுங்கிக்கொள்ளும்.

வட்ட முள் ஈரப்பதமானி, சொல்லப்போனால், பெட்டியில் இருந்த பொய்களிலேயே பெரியது. அது எப்போதும் 80 விழுக்காட்டைக் காட்டியது. சந்தேகப்பட்டு ஓர் எண்முறை மானியை அருகில் வைத்தபோது 47 என்று காட்டியது, வேறு ஒன்றை வைத்தும் அதே அளவுதான். டொரொண்டோவில் சனவரி மாதம் வீட்டுக்குள் ஓடும் வெப்பக்காற்று அறையின் ஈரப்பதத்தை 25 விழுக்காட்டுக்கும் கொண்டுபோய்விடுகிறது. நம் உதடுகள் வெடிப்பதும் அதனால்தான். கம்பிவலை மூடியின் பாதியைக் கண்ணாடித் தகட்டால் மறைத்தபின் நிலைமை சீரானது. ஆனால் இதில் மறுபக்கமும் உண்டு. தவளை என்றாலே சொதசொதவென்று இருக்க வேண்டும் என்று எண்ணி நான் தொடக்கத்தில் நாளுக்கு நான்கு முறை தெளித்தேன். வைட்ஸ் மரத்தவளை, வறண்ட காலத்தையும் தாங்கிப் பழகிய இனம். 50 முதல் 60 விழுக்காடு அதற்குப் போதும், ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இலைகள் காய்ந்தாக வேண்டும். எப்போதும் நனைந்த, காற்றோட்டமில்லாத பெட்டியில் தோலில் பாக்டீரியா தொற்றும். இப்போது மாலையில் ஒருமுறை நன்றாகவும், குளிர்காலத்தில் காலையில் லேசாக ஒருமுறையும் தெளிக்கிறேன்.

கையேட்டின் எட்டுப் பக்கங்களில் தண்ணீருக்குக் கிடைத்தது ஒரே வரி: குழாய்நீரை ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்தவும். இந்த ஆலோசனை நம்மூர்ப் பெரியவர்களும் மீன் வளர்ப்பவர்களும் சொல்வதுதான், குளோரின் மட்டும் கலந்த நீருக்கு அது சரியும்கூட. ஆனால் ஒன்டாரியோ ஏரியிலிருந்து எடுத்து டொரொண்டோ மாநகராட்சி வழங்கும் நீரில், கிருமிநீக்கம் நெடுந்தூரம் நிலைத்திருப்பதற்காக அமோனியாவும் சேர்க்கப்படுகிறது. இரண்டும் இணைந்து உண்டாகும் குளோரமைன் ஓர் இரவில் ஆவியாகிப் போகாது. நம்மைப்போல வாயால் குடிக்காமல் அடிவயிற்றுத் தோலாலேயே நீரை உறிஞ்சும் உயிருக்கு இது நேரடி நஞ்சு. மீன் கடைகளில் கிடைக்கும் நீர் பதப்படுத்தியின் உறையில் ‘குளோரமைனையும் நீக்கும்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 12 டாலர் புட்டி எங்களுக்கு ஓராண்டு வந்தது. காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணத்தில் நிரப்புவதும் சரியன்று. அதில் உப்புகளே இல்லாததால் தவளையின் உடலில் உள்ள உப்புச் சமநிலை குலையும். கிண்ணத்தில் இடச் சொன்ன பஞ்சை முதல் நாளே குப்பையில் போட்டேன், கிருமி வளர்வதற்கு அதைவிட வசதியான மெத்தை கிடையாது. கிண்ணத்து நீரை நாள்தோறும் மாற்றுகிறேன், ஏனெனில் தவளை குளிப்பதும் மலம் கழிப்பதும் அதே இடத்தில்தான்.

நெகிழிக் கொடிகள் மோசமில்லை, கழுவ எளிது. எனினும் பெரிய தவளையின் எடையை அவை தாங்குவதில்லை. கட்டைவிரல் பருமனுள்ள தக்கைமரப்பட்டையும், சாய்வாக ஒரு மூங்கிலும், ஒரு சாடியில் மணிபிளாண்ட்டும் வைத்தேன். மணிபிளாண்ட் இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் கட்டுக்கடங்காமல் வளர்கிறது. மாதம் ஒருமுறை கத்தரிக்கும் துண்டுகள் எங்கள் மாடியில் பாதி வீடுகளுக்குப் போய்விட்டன.

தவளைகளை வாங்கும்முன் தொட்டியை ஒரு வாரம் வெறுமையாக ஓடவிட்டேன். காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்ததில்தான் மேலே சொன்ன வெப்ப, ஈரப்பதக் குறைகள் எல்லாம் வெளிப்பட்டன. தவளை உள்ளே இருந்திருந்தால் அவற்றை அதன் உடல்நிலையைப் பார்த்துத்தான் அறிந்திருப்போம். தொகுப்போடு தவளையையும் அதே நாளில் வாங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று அந்தக் கடையில் எழுதி ஒட்டியிருந்தார்கள், அந்தத் தள்ளுபடியை விட்டதில் வருத்தமில்லை.

அந்தக் கடையில் தவளை வாங்காததற்கு வேறு காரணமும் இருந்தது. ஒரே தொட்டியில் சிறிதும் பெரிதுமாகப் பதினொரு தவளைகள் கிடந்தன. இரண்டின் தொடையடியில் சிவப்புப் படர்ந்திருந்தது, ஒன்றின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்கே பிறந்தவை என்று கேட்டால் “வழங்குநரிடமிருந்து” என்பதே விடை. காட்டில் பிடித்ததா, வளர்ப்பகத்தில் பிறந்ததா என்பது அறத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-இல் அறிவியல் பெயர் இடப்பட்டது. அதனால் குறைந்தது 501 நீர்நில வாழ்வினங்கள் சரிவைக் கண்டிருப்பதாகவும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கக்கூடும் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நாடு விட்டு நாடு போகும் தவளை வணிகம் அந்தப் பூஞ்சை பரவிய வழிகளில் ஒன்று. ஆகவே, பிறந்த நாளைக் குறித்து வைத்து, தாய் தந்தைத் தவளைகளையும் காட்டிய ஒரு சிறு வளர்ப்பாளரிடம், தலைக்கு 85 டாலர் கொடுத்து, நான்கு மாத வயதுடைய, ஒரே அளவான இரண்டை வாங்கினோம். எங்கள் கண்முன் அவற்றுக்கு உணவு கொடுக்கச் சொன்னோம், இரண்டும் தயங்காமல் பாய்ந்து தின்றன. கண் தெளிவாக இருப்பதும், தொட்டால் விரல் வட்டுகள் கண்ணாடியை இறுகப் பற்றுவதும் மற்ற அடையாளங்கள். வீட்டுக்கு வந்தபின் முதல் முப்பது நாள்கள், அலங்காரம் எதுவும் இல்லாத நெகிழிப் பெட்டியில் ஈரக் காகிதத்துண்டு விரித்து வைத்திருந்தோம். அவற்றின் மலத்தை விலங்கு மருத்துவரிடம் கொடுத்துக் குடற்புழுச் சோதனையும் செய்தோம். தவளை பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை, வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உணவு பற்றித் தொகுப்பில் எதுவுமே இல்லை, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புச்சத்துப் பொடிகூட இல்லை. சுவர்க்கோழியில் பாஸ்பரசு மிகுதி, கால்சியம் குறைவு. வெறும் சுவர்க்கோழியைத் தின்று வளரும் தவளைக்கு எலும்பு வளையும், வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கு ஒட்டாமல் இரை தவறும். எனவே பூச்சிகளுக்கு முதலில் காரட்டும் கீரையும் கொடுத்து, பிறகு வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியப் பொடியில் புரட்டிப் போட வேண்டும். பூச்சியின் நீளம் தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு வாரம் இருமுறையோ மும்முறையோ ஐந்தாறு பூச்சிகள். இதற்கு மேல் அது கேட்கும், மறுக்கத் தெரிய வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சொன்னது அது கத்திப் பாம்பைக் கூப்பிடுவதை நினைத்து, இந்த இனமோ தின்றே கெடுகிறது. காதுப்பறைக்கு மேலுள்ள தோல்மடிப்பைப் பார்த்தால் அளவு தெரியும். மடிப்பே இல்லையென்றால் இளைப்பு, அது தொங்கிக் கண்ணையும் காதையும் மறைத்தால் கொழுப்பு. தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழியை அன்றிரவே எடுத்துவிட வேண்டும், உறங்கும் தவளையை அது கடிக்கும்.

பெட்டியின் மேல் குழந்தை ஒன்று தவளையைக் கையில் வைத்துச் சிரிக்கும் படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து வாங்குவோருக்காகச் சொல்கிறேன்: இது கையில் தூக்கிக் கொஞ்சும் உயிர் அல்ல. நம் தோலின் உப்பும், கை கழுவும் திரவத்தின் எச்சமும் அதன் தோலுக்குள் இறங்கும். தொட்டியைக் கழுவும்போது மட்டும், பதப்படுத்திய நீரில் நனைத்த கையால், அல்லது பொடியில்லாத கையுறை அணிந்து எடுக்கிறோம். என் மகன் இதை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அதற்கு ஈடாக, இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்ததும் இரண்டும் கண் விழித்து, கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, வேட்டைக்கு இறங்கும் காட்சி அவனுக்கு நாள்தோறும் கிடைக்கிறது.

எட்டு மாதம் ஆனபோது அவற்றில் ஒன்று ஆண் என்பது தெரிந்தது, தெருவுக்கே தெரிந்திருக்கும். வெற்றிடத் துப்புரவி ஓடினாலும், குளியலறையில் நீர் விழுந்தாலும் மழை என்று எண்ணி, நாய்க்குட்டி குரைப்பது போன்ற குரலில் பதில் கொடுக்கிறது. திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கும் அம்மா, காணொளி அழைப்பில் அதைக் கேட்டுவிட்டு, “ஏம்ப்பா, இங்க ஐப்பசி பொறந்தா காசில்லாமயே முத்தத்துல வந்து கத்துமே” என்றார். உறக்கம் லேசானவர்கள் தொட்டியைப் படுக்கையறையில் வைக்காதிருப்பது நல்லது.

செலவை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தொகுப்பு 329 டாலர். வெப்ப விளக்கும் கட்டுப்படுத்தியும் 105, குழல் விளக்கு 60, எண்முறை மானிகள் 25, நீர் பதப்படுத்தி 12 எனத் தனியே வாங்கியவை 202. தவளைகள் 170. ஒன்டாரியோவின் 13 விழுக்காடு விற்பனை வரியைச் சேர்க்காமலே 701 டாலர். சுவர்க்கோழிக்கும் பொடிக்கும் மாதம் 25 டாலர் ஆகிறது. அதே அளவு கண்ணாடித் தொட்டி, மூடியுடனும் நுரைப் பின்சுவருடனும், அதே கடையில் தனியாக 220 டாலருக்கு இருந்தது. ஆக, தொகுப்பின் மீதமுள்ள 109 டாலருக்கு நான் பெற்றுப் பயன்படுத்தியது ஒரு தென்னைநார்க் கட்டியும், சில கொடிகளும், ஒரு கிண்ணமும், ஒரு தெளிப்பானும்தான். தொட்டிக்கு நான் ஐந்துக்கு நாலரை தருவேன், தொகுப்புக்கு இரண்டு. தொட்டியை மட்டும் வாங்கி, மற்றவற்றைத் தவளைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகச் சேர்ப்பவருக்குப் பணமும் மிஞ்சும், தவளையும் நலமாக இருக்கும். பயன்படுத்திய தொட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் அதுவும் நன்றே. முன்பு அதில் வாழ்ந்த விலங்கு எதனால் போனது என்று கேட்டுவிட்டு, கிருமிநீக்கி இட்டு, பலமுறை அலசி, முழுக்கக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வளர்க்க முடியாமல் போனால் எங்கள் பகுதியில் ஓடும் ரூஜ் ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கள் வாங்கவே வேண்டாம். குளிரில் அது ஒரு இரவு தாங்காது என்பது ஒருபுறம், அது சுமந்துபோகும் நோய் அங்குள்ள தவளைகளைத் தாக்கும் என்பது மறுபுறம்.

கடைசியாக, எங்களைப்போல ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. வளர்ந்த தவளைகள் மூன்று நான்கு நாள் உணவில்லாமல் தாங்கும், நீரும் வெப்பமும் சரியாக இருந்தால் போதும். நான்கு வாரப் பயணத்துக்கு அது ஆகாது. தவளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மகிழ்ச்சியோடு முன்வந்த மூன்று நண்பர்களும், உயிருள்ள இருநூறு சுவர்க்கோழிகளும் கூடவே வரும் என்று அறிந்ததும் வெவ்வேறு காரணங்களைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வளர்ப்பாளர் வாரத்துக்கு 30 டாலர் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். சூலை மாதத்துக்கு அவரிடம் மார்ச்சிலேயே இடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு விமானச் சீட்டுக்கு முன்பு அதைத்தான் முதலில் உறுதி செய்தோம்.